ஒரு சைக்கிளும் ஒரு நாணல் காடும்

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன ரோம் நகரம். நெடுநாளாக வேலையில்லாமல் கிடந்த அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அந்த வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அவனுடைய சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள், சைக்கிள் வீட்டுக்கு வருகிறது. வேலைக்குப் போன முதல் நாளே அது திருட்டுப் போகிறது. பிறகு அப்பனும் சிறுவன் புரூனோவும் ஊரெல்லாம் அலைந்து தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

வித்தோரியோ தே சிக்கா இயக்கத்தில் 1948இல் வெளிவந்த இந்தப் படம், சினிமா எடுக்கும் ஆசையை மனத்தில் வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நின்ற பலரை நகர்த்தி விட்டிருக்கிறது. கொல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த சத்யஜித் ராய் அவர்களில் ஒருவர். மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பாலு மகேந்திரா இன்னொருவர். டெல்லியில் விலங்கியல் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த அனுராக் காஷ்யப் மற்றொருவர். மூவரும் பார்த்தது ஒரே படம். எடுத்த படங்களில் ஒன்றுக்கொன்று சாயல்கூடக் கிடையாது. மனத்துக்குப் பிடித்த ஒரு படம் ஒருவரை எப்படி இயக்குநராக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடகுக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மரியாவின் விரிப்புகளை வாங்கிக்கொண்ட ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். அலமாரி அடுக்கில் ஏறுகிறார்; இன்னும் ஏறுகிறார். கேமராவும் அண்ணாந்து அவரோடு மேலே போகிறது. கூரை மட்டம் வரை இதே போன்ற விரிப்பு மூட்டைகள். யாரும் எதையும் சொல்வதில்லை. அந்த நகரத்தில் எத்தனை குடும்பங்கள் வெறும் மெத்தையில் படுத்துக்கொண்டிருக்கின்றன என்பது சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. வறுமையைப் பற்றி ஒரு பாத்திரம் பத்து நிமிடம் புலம்பியிருந்தாலும் இந்த அளவு நெஞ்சில் தைத்திருக்காது.

சாப்பாட்டுக் கடைக் காட்சி இன்னும் நுட்பமானது. அலைச்சலின் எரிச்சலில் மகனை அறைந்துவிட்ட அந்தோனியோ, அந்த உறுத்தல் தாங்காமல், கையிலிருக்கும் காசில் அவனை ஒரு நல்ல கடைக்கு அழைத்துப் போகிறான். பக்கத்து மேசையில் வசதியான குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பையன் பாலாடைக்கட்டியை நூல் நூலாக இழுத்துத் தின்கிறான். புரூனோ திரும்பித் திரும்பி அவனைப் பார்க்கிறான்; தானும் அதேபோல இழுத்துப் பார்க்கிறான். கத்தியும் முள்கரண்டியும் அவன் கைக்குப் பிடிபடவில்லை. அப்பன் இதற்கிடையில், அந்த வேலை நிலைத்திருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்குகிறான். மகனின் முகத்தில் அதுவரை இருந்த சந்தோஷம் மெல்ல வடிகிறது. திருட்டு, தேடல் என்று ஓடிக்கொண்டிருந்த படம் இங்கே நின்று மூச்சு வாங்குகிறது. கதையை முன்னே நகர்த்தாத காட்சி என்று இதை வெட்டியிருந்தால், கடைசியில் அந்தோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் கண்ணெதிரே பிடிபடும்போது நம் தொண்டை அடைக்காது. கீழே விழுந்த அப்பனின் தொப்பியை எடுத்துப் புரூனோ தூசி தட்டுகிறானே, அந்தச் செய்கைக்கு வேண்டிய பாசமெல்லாம் சாப்பாட்டு மேசையில் சேர்த்து வைக்கப்பட்டது.

அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நடிகரல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. புரூனோவாக வந்த என்ஸோ ஸ்தாயோலாவுக்கும் நடிப்பு புதிது. கேரி கிராண்டைக் கதாநாயகனாகப் போட்டால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் கேட்டுப் பார்த்தார். தே சிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டுடியோ செட்டுகள் இல்லாமல் ரோம் நகரத்தின் தெருக்களிலும் சந்தைகளிலும் படம் எடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கேள்விப்படும் இளைஞர்கள் பலர், கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் படம் தானாக வந்துவிடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. செஸாரே ஸவத்தீனியும் மற்ற எழுத்தாளர்களும் சேர்ந்து உழைத்து இழைத்த திரைக்கதை இது. தே சிக்காவே பல ஆண்டுகள் நட்சத்திர நடிகராக இருந்தவர். நடிப்புத் தெரியாதவர்களிடமிருந்து நடிப்பை வாங்கும் வித்தை அவரிடம் இருந்தது. எளிமையாகத் தெரிவதற்குப் பின்னால் இருந்த உழைப்பு கொஞ்சமல்ல.

1950இல் சத்யஜித் ராய் லண்டனுக்குப் போனது சினிமாவுக்காக அல்ல. டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தின் கொல்கத்தாக் கிளையில் அவர் ஓவியர்; நிறுவனமே அவரைச் சில மாதங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. தங்கியிருந்த காலத்தில் அவர் பார்த்த படங்கள் ஏறத்தாழ நூறு. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பார்த்தது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அரங்கை விட்டு வெளியே வரும்போதே, தான் எடுக்கப்போகும் படத்தை இப்படித்தான் எடுப்பது என்று தீர்மானித்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரே மாலையில் ஓர் இயக்குநர் பிறந்துவிட்டார் என்று கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த மாலைக்கு முன்பே ராய் நிறையப் பாடம் படித்திருந்தார். 1947இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர் அவர். இருட்டில் உட்கார்ந்து ஹாலிவுட் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுப்பார். ஏதாவது ஒரு வங்காள நாவல் படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், அதற்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வெளிவந்ததும் போய்ப் பார்த்து, அவர்கள் செய்ததையும் தாம் எழுதியதையும் ஒப்பிடுவார். யாரும் கேட்காத, யாருக்கும் காட்டாத வேலை. செலவு காகிதமும் பேனாவும் மட்டுமே. இன்றைக்குச் சினிமா கற்றுக்கொள்ள விரும்புகிற ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு இல்லை என்றே சொல்ல வேண்டும். அடுத்தவர் படத்தைக் குறைசொல்வதற்கும், அதே கதையைத் தானே காட்சி காட்சியாகக் கட்டிப் பார்த்துவிட்டு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

அவர் எடுக்க நினைத்திருந்த ‘பதேர் பாஞ்சாலி’யும் அவருக்கு அந்நியமான கதையல்ல. விபூதிபூஷண் வந்தோபாத்யாயின் அந்த நாவலுடைய சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு 1940களில் ஓவியம் வரைந்து கொடுத்தவர் ராய்தான். ஒரு கதைக்குப் படம் வரைகிறவர், எந்தத் தருணம் கண்ணால் பார்க்க வேண்டிய தருணம் என்று தேடித்தான் ஆக வேண்டும். அந்தத் தேடலில் நாவல் அவருக்குள் ஏற்கெனவே பாதிப் படமாகிவிட்டிருந்தது. 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்கக் கொல்கத்தா வந்தபோது, ராய் அவரோடு கிராமங்களைச் சுற்றினார். ரெனுவாரிடம் தம் படக் கனவையும் சொன்னார்.

ஆக, லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவருக்குக் கதை எதையும் கொடுக்கவில்லை. கதை ஏற்கெனவே கையில் இருந்தது. மனத்துக்குள் இருந்த ஒரு சந்தேகத்தைத்தான் அந்தப் படம் தீர்த்து வைத்தது. நட்சத்திரங்கள் இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல், கொட்டும் மழையிலும் கூட்டத் தெருவிலும் படமெடுக்க முடியாது என்று கொல்கத்தா ஸ்டுடியோக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடியும் என்பதற்கு லண்டன் திரையில் சாட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பும் கப்பலிலேயே ராய் படத்தின் வரைவைத் தொடங்கிவிட்டார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமையைவிட வேற்றுமைதான் அதிகம். ஒன்று நகரம், மற்றொன்று நாட்டுப்புறம். ஒன்றில் மிகச் சில நாட்களில் நடக்கும் பதற்றமான தேடல். மற்றொன்றில் ஒரு குடும்பத்தின் சில ஆண்டுகள், அவசரமில்லாமல். அந்தோனியோவுக்கு ஒரே நோக்கம் இருந்தது, சைக்கிள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளான அப்புவுக்கும் துர்காவுக்கும் நோக்கம் என்று எதுவும் கிடையாது. மாங்காய் பறிப்பதும், மிட்டாய்க்காரர் பின்னால் போவதும், ரயிலைப் பார்க்க ஓடுவதும்தான் அவர்கள் வாழ்க்கை. ராய் எடுத்துக்கொண்டது வேலை செய்யும் முறையை. முகம் தெரியாத மனிதர்கள், உண்மையான இடம், இயற்கை வெளிச்சம், சிறிய செய்கைகளின் மீது நம்பிக்கை. மற்றதெல்லாம் வங்காள மண்ணிலிருந்தும் நாவலிலிருந்தும் வந்தன.

படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவுக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை அவர் திரைப்படக் கேமராவை இயக்கியதில்லை. ‘தி ரிவர்’ படப்பிடிப்பில் ஓரமாக நின்று, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்பட்டன என்று படம் வரைந்து குறிப்பெடுத்த அனுபவம்தான் முதலீடு. முழுத் திரைக்கதை என்று கட்டப்பட்ட புத்தகமும் இல்லை. காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்த ஓவிய நோட்டு ஒன்று ராயிடம் இருந்தது.

முதலில் எடுத்தது வெள்ளையாகப் பூத்துக் கிடந்த நாணல் காட்டில், அப்பு தன் அக்காவைத் தேடி நடந்துவரும் ஷாட். வெறும் நடை. பையன் சுபீர் பானர்ஜி நடந்தான். மரப்பொம்மை நடப்பதுபோல இருந்தது. தேடுகிற பிள்ளை ஒரே சீராக நடக்காது. நின்று பார்க்கும், திரும்பும், தயங்கும், மறுபடி நடக்கும். ‘தேடுவதுபோல நட’ என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை. ராய் கடைசியில் என்ன செய்தார் என்றால், உதவியாளர்களை நாணலுக்குள் ஆளுக்கொரு பக்கமாக ஒளிந்துகொள்ளச் சொல்லி, முறை வைத்துப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தார். குரல் வந்த பக்கமெல்லாம் அவன் திரும்பினான். நடக்கும் வழியில் சிறு சுள்ளிகளைப் போட்டு, அவற்றைத் தாண்டி வரச் சொன்னார்கள். நடையில் உயிர் வந்தது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் இந்தத் தந்திரம் அதிலிருந்து கிடைத்திருக்காது. புதிய முகங்களை வைத்து எடுக்கலாம் என்ற தைரியத்தை அந்தப் படம் கொடுத்தது. எப்படி வேலை வாங்குவது என்பதை நாணல் காட்டில் நின்றுகொண்டுதான் கற்க வேண்டியிருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் மிச்சத்தை எடுக்கப் போனபோது பூ ஒன்றுகூட இல்லை. இடையில் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அந்தக் காட்சியை முடிக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மிட்டாய்க்காரர் வரும் காட்சியிலும் இதே சங்கடம். தோளில் காவடி போலப் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடக்க, பின்னால் துர்காவும் அப்புவும், அவர்கள் பின்னால் ஒரு நாயும் வரிசையாகப் போவது குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும். படத்தின் மிக அழகான ஷாட்டுகளில் ஒன்று. நாய் தானாக அவர்கள் பின்னால் போகவில்லை. துர்கா முதுகுக்குப் பின்னால் கையில் ஓர் இனிப்பை மறைத்து வைத்துக்கொண்டு நடந்தாள்; அந்த வாசனைக்கு நாய் போயிற்று. பணமில்லாமல் படப்பிடிப்பு நின்று மீண்டும் தொடங்கிய இடைவெளியில் மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார். உடல்வாகு ஒத்த வேறொருவரை முதுகுப்புறமாகக் காட்டிக் காட்சியை முடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஒட்டு எங்கே என்று கண்ணுக்கு அகப்படுவதில்லை.

பணத்துக்காக ராய் தம் ஆயுள் காப்பீட்டை அடகு வைத்தார். சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்பனைக்குப் போயின. மனைவி விஜயா ராயின் நகைகள் அடகுக்குப் போயின. திரையில் மரியா விரிப்பை உருவியதற்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த அடகுக்கடைக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அதே வாசலில் நின்றபோது அது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? கடைசியில் மேற்கு வங்க அரசு பண உதவி செய்ததால்தான் படம் முடிந்தது. இழுத்துக்கொண்டே போன அந்த மூன்று ஆண்டுகளில் அப்புவின் குரல் உடையாததும், துர்கா வளர்ந்துவிடாததும், எண்பது வயதுப் பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி உயிரோடு இருந்ததும் மூன்று அற்புதங்கள் என்று ராய் சொல்வதுண்டு. 1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், ஆகஸ்டில் கொல்கத்தாவிலும் படம் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருது கிடைத்தது.

அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் இந்தக் கதைக்கு ஒரு சிறு தொடர்ச்சி உண்டு. காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவில் செட்டாகப் போட வேண்டி வந்தது. முற்றத்தில் மேலிருந்து விழும் பகல் வெளிச்சத்துக்கு நிழலே இருக்காது. விளக்குகளை நேராகப் பாய்ச்சினால் ஆளுக்கு நாலு நிழல் விழும், குட்டு வெளிப்பட்டுவிடும். சுப்ரதோ மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைத் துணியின் மீது அடித்து, அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் படமாக்கினார். உண்மையான இடத்தின் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று முதல் படத்தில் ஊன்றிப் பார்த்த கண்ணுக்குத்தான் செட்டில் எது பொய் என்று தெரிந்தது.

இதே இத்தாலியப் படம் அதே காலத்தில் இன்னொருவரை வேறு பக்கம் கொண்டு போயிற்று. 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கொல்கத்தா என்று ஊர் ஊராகப் போனது. இத்தாலியப் படங்களை நம் ஊர்த் திரைத்துறையினர் பெருமளவில் பார்த்தது அப்போதுதான். பிமல் ராய் அடுத்த ஆண்டே ‘தோ பீகா ஸமீன்’ எடுத்தார். கடனில் போகவிருக்கும் நிலத்தை மீட்க, மகனோடு கொல்கத்தா வந்து ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. அப்பனும் மகனும் நகரத்தில் அலைவது தே சிக்காவை உடனே நினைவூட்டும். பாட்டும் உணர்ச்சிப் பெருக்குமாக, பம்பாய் சினிமாவின் இலக்கணத்துக்குள்ளேயே பிமல் ராய் அதைச் சொன்னார். பல்ராஜ் சாஹ்னி இந்த வேடத்துக்காக உண்மையிலேயே ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். சத்யஜித் ராய் போனது இலக்கணத்தையே மாற்றும் வழி. பிமல் ராய் இருந்த வீட்டிலேயே ஒரு புதிய சன்னலைத் திறந்தார். இரண்டுமே நேர்மையான வழிகள்தாம்.

மட்டக்களப்பில் பாலு மகேந்திரா ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பார்த்தது பள்ளி நாட்களில், சினிமா ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் தயவில். அதே காலத்தில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் பாலு மகேந்திரா அந்தப் படப்பிடிப்பைப் பார்த்தார். இயக்குநர் மழை என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதையும், அந்த வயதில் அது தம்மை எப்படி ஆட்டிவைத்தது என்பதையும் அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் மழை வரும் என்பது ஒரு வியப்பு. ஒரு சைக்கிள் போதும், ஒரு படம் எடுத்துவிடலாம் என்பது இன்னொரு வியப்பு. பின்னாளில் அவர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, மலையாளப் படங்களில் தொடங்கி, கன்னடத்தில் ‘கோகிலா’ (1977) மூலம் இயக்குநரானபோது, இந்த இரண்டு வியப்புகளுக்கும் நடுவில்தான் அவருடைய பயணம் அமைந்தது.

‘வீடு’ (1988) இரண்டாவது வியப்பின் பிள்ளை. வேலைக்குப் போகும் சுதா என்ற பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு சிறிய வீடு கட்டப் படும் பாடு. சைக்கிள் இருந்த இடத்தில் இங்கே வீடு. கடனுக்கு அலைவதும், கான்ட்ராக்டர் சிமென்ட் திருடுவதும், அதைக் காட்டிக் கொடுக்கும் சித்தாள் பெண்ணின் துணிச்சலும் வேறு எந்த நாட்டுப் படத்திலிருந்தும் எடுத்தவையல்ல. வீடு கட்டிய எந்தத் தமிழ்க் குடும்பத்திடம் கேட்டாலும் சொல்லும். தம் சிறுவயதில் அப்பா வீடு கட்டிய நாட்களில் அம்மாவின் சிரிப்பு காணாமல் போனதுதான் இந்தப் படத்தின் விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார்.

இதில் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையிலிருந்து வந்தவர். கட்டி முடியாத வீட்டை அவர் தனியாகப் பார்க்க வரும் காட்சியில் வசனம் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு, பூசாத செங்கல் சுவரை ஒரு கையால் தடவியபடி அறை அறையாக நடக்கிறார். வாசல் நிலை, சன்னல் திறப்பு எல்லாவற்றையும் நின்று பார்க்கிறார். அந்த முகத்தில் நிறைவு தெரிகிறது. அன்றோடு அவர் கதை முடிகிறது. சைக்கிள் படத்தின் சாப்பாட்டுக் கடைக் காட்சியைப் போல, கதைக்கு அவசரமில்லாத காட்சிதான் இதுவும். படம் பார்த்தவர்கள் மறக்காமல் வைத்திருப்பதும் இதைத்தான். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் ‘வீடு’ படத்துக்கே வந்தது. பாட்டு இல்லாத இந்தப் படம் பெரிய வசூல் படமாக இருக்கவில்லை என்றாலும், அடுத்து வந்த இளைஞர்களுக்கு அது ஒரு சாட்சியாக நின்றது. லண்டனில் ராய்க்குக் கிடைத்தது போன்ற சாட்சி.

சாட்சி மட்டும் போதாது என்பது பாலு மகேந்திராவுக்குத் தெரியும். பின்னாளில் சென்னையில் ‘சினிமா பட்டறை’ நடத்தியபோதும், அதற்கு முன் உதவி இயக்குநர்களை வைத்திருந்தபோதும், அவர் கொடுத்த முதல் வேலை சிறுகதை படிப்பது. தினம் ஒரு கதை படிக்க வேண்டும். படித்ததைச் சுருக்கி எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘கதை நேரம்’ தொலைக்காட்சித் தொடருக்காகப் பல எழுத்தாளர்களின் கதைகளைச் சின்னச் சின்னப் படங்களாக அவர் எடுத்தபோது, உதவியாளராக இருந்த வெற்றிமாறனுக்கு இந்தப் படிப்பே வேலையாக இருந்தது. கதையைச் சுருக்கும்போது எது எலும்பு, எது சதை என்று தெரிந்துவிடும். கொல்கத்தாவில் ராய் வெளிவராத படங்களுக்குத் திரைக்கதை எழுதிப் பார்த்த பழக்கமும் இதுவும் ஒரே குடும்பம். பிடித்த படத்தைப் பத்து முறை பார்க்கிற தொடக்கக்காரர், பதினோராவது முறை கையில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்து, ஒரே ஒரு காட்சியின் ஷாட்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். கேமரா யார் பக்கம் நிற்கிறது, யார் பேசும்போது யார் முகம் காட்டப்படுகிறது, எந்த இடத்தில் சத்தம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், முதல் பத்து முறை கண்ணில் படாதது தெரிய வரும். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ கொல்கத்தாவுக்கு வந்தபோது ராய் அடுத்தடுத்து மூன்று நாட்கள் போய்ப் பார்த்தார். கதை தெரிந்த பிறகும் போனது, எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கத்தான்.

வெற்றிமாறனின் முதல் படம் ‘பொல்லாதவன்’ (2007). பறிபோன மோட்டார் பைக்கைத் தேடி அலையும் இளைஞனின் கதை. நண்பர் ஒருவரின் பைக் தொலைந்ததுதான் இதற்குத் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். ரோமில் தொலைந்த சைக்கிளின் சாயலை விமர்சகர்கள் இதில் கண்டார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பார்த்துப் பழகிய படம், கண்ணெதிரே நடக்கும் ஒரு சம்பவத்தில் கதை இருப்பதை அடையாளம் காட்டிக் கொடுக்கும். அவருடைய அடுத்த படம் ‘ஆடுகளம்’ (2011) முடியும்போது திரையில் ஒரு பட்டியல் வரும். தமக்குத் தூண்டுதலாக இருந்த நூல்களையும் படங்களையும் பெயர் சொல்லி நன்றி கூறும் பட்டியல். அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவல், மெக்சிகோ இயக்குநர் இன்யாரிட்டுவின் ‘அமோரெஸ் பெர்ரோஸ்’ இவற்றோடு ‘தேவர் மகன்’, ‘விருமாண்டி’, ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’ என்ற தமிழ்ப் படங்களும் அதில் இருந்தன. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொன்ன அந்தச் செயல் நம் சினிமாவில் அபூர்வம், பாராட்டுக்குரியது. ‘ஆடுகளம்’ காட்டும் சேவல் சண்டைக் களத்தை அப்படியே அந்தப் பட்டியலிலுள்ள எந்தப் படத்திலும் காண முடியாது. களம் மதுரையிலேயே இருந்தது.

அனுராக் காஷ்யப் 1993இல் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில், தே சிக்கா படங்களின் தொகுப்புத் திரையிடலில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பார்த்தார். பத்து நாட்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களைப் பார்த்த அந்த விழா முடிந்ததும், சினிமாதான் தன் வேலை என்று முடிவுசெய்து பம்பாய்க்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அவர் இயக்கிய முதல் படமான ‘பாஞ்ச்’ திரையரங்குக்கு வராமலே நின்றுபோனது. பிறகு ‘கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்’ (2012) எடுத்தபோது, தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் பேச்சும் பகையும் பாட்டும் அதில் நிறைந்திருந்தன. தன் வேருக்குத் திரும்பிப் போகத் தூண்டியவர்கள் என்று சொல்லி, அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே மதுரையைச் சேர்ந்த மூன்று தமிழ் இயக்குநர்களுக்கு அவர் நன்றி கூறியிருந்தார். பாலா, அமீர், சசிகுமார். சசிகுமார் அமீரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். அமீர் பாலாவிடம் இருந்தவர். பாலா தொழில் கற்றது பாலு மகேந்திராவிடம்.